பத்மாவின் விரிப்பும் நான் சொல்லாத பதிலும்

என் அன்பான பத்மா,

நீ இருந்திருந்தால் இதற்குள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். "என்ன கா, எதையோ மறைக்கிறாய்?" என்று உன் மட்டக்களப்புத் தமிழில் கேட்டிருப்பாய். ஒன்றுமில்லை என்று நான் சொல்லியிருப்பேன். மூன்று மாதமாக எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உன்னிடம் மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் மகள் துளசிக்காக நீ செய்த கம்பளி விரிப்புக்கு என்ன நடந்தது என்று இங்கே ஒஸ்லோவில், ரொம்மனில் எல்லோருக்கும் தெரியும். உன் கணவர் தவராசா அண்ணை தெரியாத்தனமாகச் செய்த பிழை என்றுதான் கதைக்கிறார்கள். துளசியும் அதைத்தான் நம்புகிறாள். அது முழு உண்மை இல்லை, பத்மா.

கனடாவில் இருந்து உன் தங்கை அனுப்பிய பெட்டியை நீ வேலைக்குக் கொண்டுவந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் நாம் இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை. மதிய இடைவேளையில் மேசையில் எடுத்து வைத்தாய். விரிப்புச் செய்கிற சாமான்: மரப்பிடி போட்ட சின்னக் கொக்கி, ஒரு துண்டுச் சாக்கு, நீளமாக வெட்டிய கொஞ்சம் கம்பளிக் கீலங்கள். கீலத்தைச் சாக்கின் அடியில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கொக்கியைக் குத்தி, சின்ன வளையமாக மேலே இழுக்க வேண்டும். பக்கத்து இழையில் இன்னொரு குத்து, இன்னொரு வளையம்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

நீ சிரித்துக்கொண்டே ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாய். அரை மணித்தியாலமாகச் செய்த வரிசை முழுவதும் ஒரு நொடியில் கழன்று வந்துவிட்டது. "இதில முடிச்சு எண்டு ஒண்டும் இல்ல கா. ஒண்டை ஒண்டு நெருக்கிப் பிடிச்சிருக்கிறதாலதான் நிக்குது" என்றாய்.

அன்றைக்குப் பிடித்தது உன்னை அந்தப் பைத்தியம். பழைய உடுப்புக் கடைகளில் கம்பளிக் கோட்டுகளைத் தேடி வாங்கினாய். அவற்றை நம் கட்டடத்து நிலக்கீழ்ச் சலவையறையில் கொதிக்கிற சூட்டில் போட்டு எடுத்தாய். சூட்டில் கம்பளி சுருங்கித் தடிக்கும், வெட்டினால் நூல் பிரியாது என்று எனக்கு விளக்கினாய். அண்ணைதான் அந்த ஈரக் கூடையை மேலே தூக்கி வருவார். "புதுக் கோட்டையும் பழசாக்கித்தான் விடுவா இவ" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் எந்தப் பட்டனை அமத்த வேண்டும், எத்தனை பாகை சூடு என்றெல்லாம் பார்த்து வைத்திருந்தார். அதை நான் பிறகுதான் அறிந்தேன்.

நீ பெரிய விரிப்பைத் தொடங்கியபோது நல்ல லினன் துணி வாங்கு என்று எவ்வளவு சொன்னேன்? நீ கேட்கவில்லை. தமிழ்க் கடையில் அரிசி வந்த நான்கு சணல் சாக்குகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்தாய். "கப்பல்ல வந்த சாக்கு. ஒண்டும் ஆகாது" என்றாய். அதில் துளசி பாலர் பள்ளியில் கீறிய படத்தைப் பெருப்பித்து வரைந்தாய். பனியில் நிற்கிற ஒரு எல்க் மான். ஐந்து கால். ஏனம்மா ஐந்து என்று கேட்டதற்கு, "ஒண்டு களைச்சால் மாத்திறதுக்கு" என்று சொன்னாளாம் அவள்.

அந்த மானை நீ செய்த விதத்தை எப்படிச் சொல்வது? வளையங்களை நேர் வரிசையில் போடவில்லை. தோள் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கமே வளையங்களையும் வளைத்துக்கொண்டு போனாய். தள்ளி நின்று பார்த்தால் தோலுக்கு அடியில் தசை அசைவது போல இருந்தது. மூக்கில் மட்டும் வளையங்களை உயர்த்தி இழுத்து நுனியைக் கத்தரித்துவிட்டாய். தொட்டால் உண்மையான மயிர். வானத்தை ஒரே நீலத்தில் நிரப்பச் சொன்னேன். யன்னலைக் காட்டி, "எங்க கா ஒரே நீலம்? நீயே பாரு" என்றாய். ஆறு விதமான நீலம் சாயம் போட்டாய்.

அது வெறும் விரிப்பு இல்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். துளசி தாதிப் படிப்பை இடையில் விட்டுவிட்டு, கதிரைகளுக்கும் சோபாக்களுக்கும் துணி போடுகிற தொழிலைப் பழக திராமன் நகரத்துக்குப் போன வருடம் அது. "நான் பஸ் கழுவி உன்னப் படிப்பிச்சது, நீ கதிரைக்குத் துணி அடிக்கவா?" என்று அண்ணை கத்தியதை நான் உங்கள் குசினியில் நின்று கேட்டேன். இனி இந்த வீட்டுக்கு வரப்படாது என்றார். அவள் வரவில்லை. நீ அன்று ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த நாள் மானின் முதல் காலைத் தொடங்கியிருந்தாய்.

பிறகு உன் வருத்தம். வயிற்றில் புற்று என்றார்கள், ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள். அண்ணை வேலைக்குப் போகிற நேரம் பார்த்து துளசி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே வந்து இருப்பாள். அவர் வருவதற்கு முன் போய்விடுவாள். கால்மாட்டில் கிடந்த விரிப்பைக் காட்டி, நீ என் கையைப் பிடித்துச் சொன்னது: "ஓரத்த மட்டும் மடிச்சுத் தச்சிடு கா. மறுகா அவள்ட கையில குடு. வேற ஆரிட்டயும் குடுக்காத."

நான் ஓம் என்றேன்.

நீ போய்ப் பத்தாம் நாள் அண்ணை என் வீட்டு மணியை அடித்தார். கையில் வெறும் பை. தாடி வளர்ந்திருந்தது. "தங்கச்சி, பத்மாட விரிப்பு உங்களிட்டதானே? முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அவட படத்துக்குக் கீழ விரிக்கோணும். அவ கையால செய்த வேற ஒண்டும் எனக்கிட்ட இல்ல" என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அது துளசிக்கு என்று. சொன்னால் துளசியின் பெயரைக் கேட்டதும் முகம் இறுகுமே என்று பயந்தேன். கடைசி மூன்று மாதமும் பிள்ளையை ஒளித்து ஒளித்துப் பார்க்க வைத்த மனிதர் இப்போது வந்து எனக்கு ஒன்றும் இல்லை என்கிறாரே என்று கோபமும் வந்தது. ஓரம் பாதி தைத்தபடி இருந்ததை அப்படியே மடித்து அவர் பையில் வைத்தேன்.

அவர் கதவடியில் நின்று ஒரு கேள்வி கேட்டார். "ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுதானே, மருந்து மணக்குது. கழுவினா ஒண்டும் ஆகாதே?"

பத்மா, நான் சொன்ன பதில் இதுதான்: "இனி அது உங்கட விருப்பம் அண்ணை."

அந்தச் சணல் தண்ணீரில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சலவையில் பதினொரு வருடம் வேலை செய்தவள் நான். அவர் போகட்டும், கதவைச் சாத்த வேண்டும் என்ற எண்ணத்தில் சொன்னேனா? அல்லது, கழுவிக் கெடுக்கட்டும், அப்போதாவது உறைக்கட்டும் என்று எனக்குள் ஒன்று நினைத்ததா? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் எனக்கே தெரியவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் துளசி போன் எடுத்தாள். "அன்ரி, அம்மா எனக்கொண்டு உங்களிட்டைக் குடுத்து வைச்சிருக்கிறா எண்டு சொன்னவ. நான் வந்து எடுக்கட்டோ?" அப்பாவிடம் இருக்கிறது என்று சொன்னேன். பிறகு, "அப்ப நான் அங்கைதான் போகவேணும், என்ன?" என்றாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீங்களும் வாருங்கள் என்றாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. ரொம்மன் ரயிலடியில் அவளைச் சந்தித்து இருவரும் நடந்தோம். அவள் கை சட்டைப் பைக்குள் இறுகியிருந்தது. உங்கள் வீட்டுக் கதவு பூட்டாமல் சாத்தியிருந்தது. உள்ளே உன் படம், விளக்கு, அதன் கீழே ஒன்றும் விரிக்காத வெறும் நிலம். அண்ணை இல்லை. முன்வீட்டுப் பெண்தான் சொன்னாள், சலவையறைக்குப் போனார் என்று.

பத்மா, எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிகளால் ஓடினேன். துளசி ஏன் அன்ரி, ஏன் அன்ரி என்று கேட்டுக்கொண்டு பின்னால் வந்தாள்.

பெரிய மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணை அதற்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில், கையைக் கட்டிக்கொண்டு, பூசைக்கு இருப்பவர் போல இருந்தார். மகளைக் கண்டதும் எழுந்துவிட்டார். செத்தவீட்டுக்குப் பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது அன்றுதான்.

"அப்பா, உதுக்குள்ள என்ன?"

"அம்மாட விரிப்பு" என்றார். "அம்மா கம்பளிய சூட்டிலதானே போடுறவ. நானும் அறுபதிலதான் போட்டிருக்கன்."

கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் நீலமாக இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏதோ கனமாக அடித்து விழுந்தது. கண்ணாடியின் உட்பக்கம் முழுவதும் கபில நிறச் சணல் நார் ஒட்டத் தொடங்கியிருந்தது.

"நிப்பாட்டுங்கோ!" என்று துளசி கத்தினாள். நான் பட்டனை அமத்தினேன். சுற்றுவது நின்றது. ஆனால் கதவு திறக்கவில்லை. தண்ணீர் முழுவதும் வடிந்தால்தான் பூட்டு விடும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் நிலத்தில் குந்தி, உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள். நீலம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. மானின் ஒரு கால் மட்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது, வளையங்கள் கழன்று, குடல் போல.

"ஆரிட்டையாவது கேட்டிருக்கலாமே அப்பா" என்றாள் துளசி. கத்தவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நிர்மலா அன்ரியிட்டைக் கேட்டிருக்கலாமே. ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்காமல் எல்லாத்தையும் நீங்களே முடிவெடுப்பீங்கள்."

அண்ணை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நேராக, ஒரேயொரு தடவை. இப்போது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஓம்" என்றார். "கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான். நான் பேசவில்லை, பத்மா. பேச வேண்டிய இடம் அதுதான். நான் பேசவில்லை.

பூட்டு விட்ட சத்தம் கேட்டது. அண்ணை பாய்ந்து கதவைத் திறந்து ஒரு மூலையைப் பிடித்தார். "இழுக்காதேங்கோ!" துளசியின் குரலில் அவர் கை அப்படியே நின்றது. "ஒரு நுனியைப் பிடிச்சு இழுத்தால் மிச்சமும் கழண்டிடும். ஒருத்தரும் தொட வேண்டாம். அன்ரி, மேல போய் ஒரு பெட்சீற் எடுத்துக்கொண்டு வாங்கோ. அப்பா, கையை அடியில குடுங்கோ. விரலால பிடிக்காமல் உள்ளங்கையால தாங்குங்கோ."

இருபத்து மூன்று வயதுப் பிள்ளை கட்டளையிட, நாங்கள் இருவரும் செய்தோம். ஈரத்தில் அது இரண்டு ஆள் கனம். பெட்சீற்றைக் குழந்தைக்குக் கட்டும் ஏணை போலப் பிடித்து, மூவரும் லிப்டுக்குள் முழங்கால் மடித்து நின்றோம். ஏழாம் மாடி வரும் வரைக்கும் அண்ணையின் சப்பாத்தில் நீலம் சொட்டியது.

உன் படத்துக்கு முன்னால் விரித்துப் பார்த்தோம். நீ சாக்குகளைத் தைத்த பொருத்துகள் ஒன்றைத் தவிர எல்லாம் விட்டுப்போயிருந்தன. பின்னங்கால்கள் இல்லை. கம்பளி சுருங்கி, மான் முழுவதும் இறுகிக் கூனிக் கிடந்தது. வானம் கரைந்து பனிக்குள் ஓடியிருந்தது. துளசி முழங்காலில் நின்று ஒவ்வொரு அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். அழவில்லை. "சாக்குத்தான் போச்சு. கம்பளி சாகேல்லை" என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் முதல் ரயிலில் வந்தாள். தன் வேலைத்தலத்தில் இருந்து தடித்த லினன் துணி, சின்ன ஆணிகள், வளைந்த ஊசி எல்லாம் கொண்டு வந்தாள். மரச்சட்டத்தில் லினனை மேளம் போல இழுத்து அடித்தாள். விரிப்பைக் குப்புறக் கிடத்தி, இத்துப்போன சணலை இழை இழையாக வெட்டி எடுத்து, மிஞ்சிய பகுதிகளைப் புதுத் துணியில் தைத்தாள். கழன்ற வளையங்களை நானும் அவளும் கொக்கியால் திரும்ப இழுத்தோம். என் வளையங்கள் ஒன்று உயரம், ஒன்று பள்ளம். உன் கையின் அளவு எனக்கு வரவே இல்லை.

முதல் இரண்டு சனியும் அண்ணை குசினியிலேயே இருந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். மூன்றாவது சனி, மானின் பின்னங்காலுக்குக் கம்பளி போதவில்லை. அந்த மண்ணிறத்தைத் தேடி நான் எத்தனை கடை ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை. அண்ணை உள்ளே போய் உன்னுடைய குளிர்கோட்டை எடுத்து வந்தார்.

"வேண்டாம் அப்பா" என்றாள் துளசி.

"இதில வெட்டின துண்டுதான் முதல் காலுக்குப் போட்டவ. உள்ளுக்குப் பாருங்க, அடியில ஒட்டுப் போட்டிருக்கா" என்றார். உண்மைதான். உள்மடிப்பில் ஒரு சாண் துணியை வெட்டி எடுத்துவிட்டு வேறு துணி தைத்திருந்தாய். நீ போட்டுக்கொண்டு திரிந்த கோட்டையே வெட்டியிருக்கிறாய், எனக்குக்கூடச் சொல்லவில்லையே?

கத்தரிக்கோலை எடுக்க துளசியால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. அவர்தான் நிலத்தில் இருந்து, கோட்டை மடியில் விரித்து, "எவ்வளவு அகலம்?" என்று மகளிடம் கேட்டார். அவள் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"அரை விரல் அகலம் அப்பா."

வெட்டினார். கீலம் கோணல் மாணலாக வந்தது. அவள் வாங்கி வாங்கிச் சீராக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அவள் ஆணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டே, "இவ்வளவு கெதியா எப்பிடி அடிக்கிறாய்?" என்று கேட்டார். "ஒவ்வொரு நாளும் செய்யிற வேலைதானே" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மன்னிப்பும் இல்லை, கட்டிப்பிடிப்பும் இல்லை. நீ அவசரப்பட்டுச் சந்தோசப்படாதே.

அன்று அவள் ரயிலுக்குப் போன பிறகு அண்ணையிடம் கேட்டேன். "ஏன் அண்ணை அண்டைக்குச் சொல்லேல்லை? நீங்கள் என்னட்டைக் கேட்டனீங்கள்தானே."

தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "என்னில அவளுக்கு ஏற்கெனவே கோவம். இன்னும் கொஞ்சம் கூடினா என்ன தங்கச்சி? தாயும் இல்ல. நம்பிக் கதைக்க ஒரு ஆள் வேணும்தானே அவளுக்கு. அது நீங்கதான்."

பத்மா, இந்த மனிதரைப் பற்றி நான் என்னவெல்லாம் நினைத்திருந்தேன். நீ இருபத்தைந்து வருடம் அவரோடு வாழ்ந்தாய், இவரை உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்ததால்தான் அவர் கத்தியபோதெல்லாம் பேசாமல் இருந்தாயா?

விரிப்பு போன கிழமை முடிந்தது. முன்பைவிடச் சின்னது, தடிப்பு. பனிக்குள் ஓடிய நீலத்தைப் பிரித்து எடுத்துவிட்டு வெள்ளை போடலாம் என்றேன். துளசி விடவில்லை. "அது அப்பா போட்ட நீலம். இருக்கட்டும்" என்றாள். சிரித்தாளா, குத்திச் சொன்னாளா, எனக்குப் பிடிபடவில்லை.

அவளிடம் நான் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தது. அண்ணை தானே கொண்டுபோவதாகச் சொன்னார். வளையங்கள் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்ட வேண்டும் என்று துளசி சொல்லியிருந்தாள். அப்படியே சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை திராமன் ரயிலேறினார். நான் வீட்டில் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்கு துளசியின் செய்தி வந்தது. "அப்பா வந்திருக்கிறார். வாசல்லயே நிக்கிறார். சப்பாத்துக் கழட்டேல்லை."

இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. நான் சோற்றுப் பானையை அடுப்பில் மறந்துவிட்டேன். பிறகு வந்தது: "உள்ளுக்கு வந்திட்டார். எங்க விரிக்கிற எண்டு ரெண்டு பேரும் சண்டை."

அதைப் படித்து அழுதேன். சந்தோசத்தில் மட்டும் இல்லை. அவர்கள் இருவருக்கும் நடுவே இருக்கிற பாரத்தில் ஒரு பங்கு என்னுடையது. அதை அந்த மனிதர் தன் தோளில் வைத்துக்கொண்டு திராமன் வரைக்கும் போயிருக்கிறார். நான் அன்ரி, அன்ரி என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு வீட்டில் சும்மா இருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை துளசி என் வீட்டுக்கு வருகிறாள். கழுவலாமா என்று அப்பா என்னிடம் கேட்டார், நான்தான் பதில் சொல்லவில்லை என்று சொல்லிவிடுவேன். உனக்குத் தந்த வாக்கை மீறி விரிப்பை நான்தான் கொடுத்தேன் என்பதையும் சொல்வேன். அவள் எழுந்து போனாலும் போகட்டும். இந்த முறை வாயைத் திறப்பேன், பத்மா. இது உனக்கு நான் தருகிற இரண்டாவது வாக்கு. முதலாவதைப் போல இது ஆகாது.

உன் பிள்ளைக்கு இனியும் அன்ரியாக இருக்க ஆசைப்படும்,
நிர்மலா
ரொம்மன், ஒஸ்லோ